வைட்டமின் சாரின் வீட்டுக்காரி

கண்ணாடிக் கடையில் ஒரு ஆளை உட்கார வைத்து, சுவரில் மாட்டிய எழுத்தைக் காட்டி, "இது தெரியுதா? சரி, இப்ப தெரியுதா?" என்று கேட்கிற வேலைக்கு எதற்கு வெள்ளைக் கோட்டு? கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இந்தச் சந்தேகம் தீரவில்லை. கோட்டைக் கொடுத்த கடை முதலாளியைத்தான் சொல்ல வேண்டும். அது உடம்பில் ஏறியதோ இல்லையோ, நாமும் அரை டாக்டர்தான் என்கிற நினைப்பு அவள் புருஷனுக்குத் தலையில் ஏறிவிட்டது. அந்த நினைப்பைக் கடையோடு விட்டுவிட்டு வந்தாலாவது தொலைகிறது என்று இருக்கலாம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே கோட்டைப் போட்டுக்கொண்டு, பால்கனியில் தொங்குகிற ஆறு கூண்டுக்கும் முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லவ் பேர்ட்ஸைப் பார்த்து, "உம்... இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். அதைக் கேட்கிறபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தெருவில் அவருக்கு வைட்டமின் சார் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர். கேலி என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில். பதினெட்டு வருஷமாக நோயாளிகளுக்குச் சாப்பாடு பிரித்து அனுப்புகிறாள். உப்பில்லாதது ஒரு வண்டி, சர்க்கரையில்லாதது ஒரு வண்டி, பல்லில்லாதவர்களுக்கு மசித்தது ஒரு வண்டி. போகிற தட்டை எல்லோரும் பார்ப்பார்கள். அவள் திரும்பி வருகிற தட்டைப் பார்ப்பாள். எதைத் தொட்டிருக்கிறார், எதை ஒதுக்கியிருக்கிறார், எதை மறைத்து டம்ளருக்கடியில் வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே மூன்றாம் வார்டு பெரியவர் தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெரியவரின் பிள்ளைகளோ தலைமாட்டில் ஆறு டானிக் பாட்டிலை வரிசையாக அடுக்கிவிட்டு, அப்பா சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிப் போவார்கள். டானிக் பாட்டிலைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சாப்பாடு போடச் சோம்பேறித்தனப்படுகிறவர்கள் வாங்குகிற சாமான் அது என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனுஷன், பறவைத் தீனி விற்கிற கடையில் ஒரு அலமாரி மருந்தையே வாங்கி வந்து வீட்டில் வைத்தார். இறகு பளபளக்க ஒரு சொட்டு மருந்து, எலும்பு உறுதிக்கு ஒரு பொடி, முட்டை இட ஒன்று, இட்ட பிறகு ஒன்று, குரல் இனிக்க ஒன்று. குரல் இனிக்க! அந்த ஜந்துக்கள் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கினதே இல்லை, அதில் இனிப்பு வேறு கேட்கிறதாக்கும் இவருக்கு.

முதல் மாதத்தில் ஒரு பறவை செத்துப் போனது. அதற்கு மூன்று நாள் முன்பே அவள் கவனித்திருந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தில் அவர் ஊற்றிய மருந்து மஞ்சளாக, புளித்த வாடையோடு நின்றது. பறவைகள் கிட்டே வந்து அலகை வைத்து, தலையைச் சிலுப்பிவிட்டுப் போயின. கிண்ணம் வைத்தபடியே இருந்தது. கூண்டுக்கடியில் விரித்த காகிதத்தில் எச்சம் குறைந்து போயிருந்தது.

"ஏங்க, அது தண்ணி குடிக்கல. மருந்து நாத்தம் பிடிக்கல போல. வெறும் தண்ணி வையுங்க. கொஞ்சம் கீரை வையுங்க" என்றாள்.

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஆஸ்பத்திரியில கரண்டி பிடிக்கிறவ. இது சயின்ஸ். உனக்குப் புரியாது. விடு."

கரண்டி பிடிக்கிறவ. சரி ராஜா, சரி. அன்றைக்கு அவள் வாயைப் பூட்டியவள்தான். அதற்குப் பிறகு நாலு வருஷம், பறவையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. எட்டு மணிக்கு அவர் ஆறு கிண்ணத்திலும் மஞ்சள் தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டுக் கோட்டோடு கிளம்புவார். அவளுக்கு வேலை ஒன்பதரைக்கு. அவர் தலை தெருமுனை திரும்பியதும் ஆறு கிண்ணத்தையும் எடுத்து, மஞ்சள் தண்ணீரை ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டு, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் வைப்பாள். கீரையில் ஒரு கொத்தைக் கம்பியில் செருகுவாள். கேரட்டைத் துருவிப் போடுவாள். அவித்த முட்டையின் ஓட்டை நுணுக்கி ஒரு மூடியில் வைப்பாள். தீனிக் கிண்ணத்தில் மேலாக நிற்கிற தினை உமியை வாயால் ஊதித் தள்ளுவாள். அதுகூடத் தெரியாது அந்த மேதாவிக்கு. பறவை தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போடும், கிண்ணம் நிறைந்திருப்பதுபோலத் தெரியும், இவர் பார்த்துவிட்டு "தீனி நிறைய இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவார். அடியில் ஒரு மணி இருக்காது.

சாயந்தரம் அவர் வருவதற்குக் கால் மணி முன்னால் கீரைக் காம்பைப் பொறுக்கிவிட்டு, பாட்டிலில் இருக்கிற மஞ்சள் தண்ணீரைத் திரும்பவும் கிண்ணங்களில் ஊற்றுவாள். முழுசாக ஊற்ற மாட்டாள். ஒன்றில் பாதி, ஒன்றில் முக்கால், ஒன்றில் அடியோடு கொஞ்சம். அவர் வந்ததும் மிச்சத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து நோட்டில் எழுதுவார். "மூணாம் கூண்டு இன்னிக்கு இருபது மில்லி! பாத்தியா, உடம்பு கேக்குது!" என்பார். அவள் அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள். அன்றாடம் அவளுக்குக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். எப்போதாவது வேண்டுமென்றே ஒரு கிண்ணத்தை நிறைய விட்டுவிடுவாள். மனுஷன் ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து, "அஞ்சாம் கூண்டுக்கு என்ன ஆச்சு, அஞ்சாம் கூண்டுக்கு என்ன ஆச்சு" என்று புத்தகத்தைப் புரட்டுவார். சொல்லிவிடலாமே என்று ஒரு நாளும் தோன்றியதில்லையா என்றால், தோன்றியது. கரண்டி பிடிக்கிறவ என்ற வார்த்தையும் கூடவே தோன்றும். கிட என்று விட்டுவிடுவாள்.

பறவைகள் கொழுகொழுவென்று ஆயின. இறகு மினுமினுத்தது. குஞ்சு பொரித்தன. வந்தவர் போனவரெல்லாம் வாயைப் பிளந்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்து போனது. நாலு வருஷ நோட்டையும் கூட்டிக் கழித்து ஒரு அட்டவணை போட்டார். எத்தனை கிராம் பறவைக்கு எத்தனை சொட்டு, எந்த மாதத்தில் எது, வெயில் ஏறினால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கட்டம் கட்டமாக. அதை நகல் எடுத்துத் தீனிக் கடையில் வைத்தார். கடைக்காரனுக்குக் கசக்குமா? மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கொடுத்து அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே கூட்டம். பத்துப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து, இவர் கோட்டு மாட்டிக்கொண்டு சுவரில் ஒட்டிய அட்டவணையைக் குச்சியால் தட்டித் தட்டிப் பாடம் எடுப்பார். கண்ணாடிக் கடை எழுத்துப் பலகை என்றே நினைப்பு.

அவள் டீ கொடுப்பாள். கொடுக்கும்போது ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்ப்பாள். பென்சிலும் கையுமாக, எச்சிலை விழுங்கிக்கொண்டு எழுதிக்கொள்கிற மூஞ்சிகள். ஒரு பறவைக்குத் தண்ணீர் வைக்கத் தெரியாமல் பாடம் கேட்க வந்திருக்கிறது பார் கூட்டம் என்று நினைப்பாள். நடுவில் ஒருவர் எழுந்து, "சார், போன வாரம் எங்க வீட்ல ஒண்ணு போயிடுச்சு" என்பார். "அளவு தப்பியிருப்பீங்க" என்பார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். சரியான ஜோடி என்று அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவாள். செத்தது ஒரு உயிர் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த ஆளுடைய மண்டைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் மாடி டெய்லர் உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. ஊரில் அவள் மட்டமாக நினைக்காத மனிதர்கள் இரண்டு பேர் இருந்தால் அதில் டெய்லர் ஒருவர். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. பொண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. ஒரு மெஷின், ஒரு கட்டில், மெஷினுக்கு மேலே ஒரு கூண்டில் சிவப்பு அலகு ஃபின்ச் குருவி இரண்டு. மெஷின் ஓடினால் அதுகளும் கூடவே ஓயாமல் பேசும். தைத்துக் கொடுத்த துணி ஒரு நாளும் பிரிந்ததில்லை, சொன்ன நாள் ஒரு நாளும் தப்பியதில்லை. ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாமல் அவர் தவித்தபோது அவள் புருஷன்தான் கடைக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து சார் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. கண்ணைக் கொடுத்தவர் பொய்யா சொல்லப் போகிறார்?

டீ கொடுக்கும்போது டெய்லரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் டெய்லர் சும்மா இருக்க மாட்டார், நேரே அவள் புருஷனிடம் போய் "சார், தங்கச்சி இப்படிச் சொல்லுதே" என்று கேட்பார். அப்புறம் நாலு வருஷக் குட்டும் வெளிப்படும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு. அதற்கு மறுநாள் மறந்தே போனாள். இப்படியே மூன்று வாரம் போனது.

வேலைக்குப் போடுகிற சட்டையில் கை பிரிந்திருந்தது. விடுப்பு நாளன்று மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பாதிப் படியிலேயே என்னவோ உறுத்தியது. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. குருவிச் சத்தம் கேட்கவில்லை.

கூண்டில் ஒன்றுதான் இருந்தது. ஆண் குருவி. இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, குச்சியில் ஏறத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அவள் வீட்டில் இருக்கிற மஞ்சளைவிடக் கெட்டியான மஞ்சள்.

"இன்னொண்ணு எங்கண்ணே?"

டெய்லர் மெஷினை நிறுத்தவில்லை. "போன வெள்ளிக்கிழமை போயிடுச்சும்மா. என் தப்புதான். அதுக்கு முந்தின சனி, ஞாயிறு டெலிவரி நெறைய. ரெண்டு நாள் மருந்து போட மறந்துட்டேன். அந்த ரெண்டு நாளும் நல்லா இருந்துச்சு பாருங்க, நல்லா பேசிச்சு, எனக்கும் நெனப்பே வரல. திங்கக்கிழமை சார் சொன்னாரு, விட்டுப்போனதுக்கும் சேத்து ஏத்திப் போடுங்கன்னு. போட்டேன். லேட்டாயிடுச்சு போல. இதையாவது காப்பாத்தணும்னு இப்ப ஒரு வேளை தப்பாம ஆறு சொட்டு விடுறேன். அலாரம் வச்சிருக்கேன்."

அலாரம் வைத்து மனுஷன் கொன்றுகொண்டிருக்கிறார்!

அவள் சட்டையைக் கட்டிலில் போட்டாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கூண்டைத் திறந்து கிண்ணத்தை எடுத்து, குழாயடியில் கொட்டி, விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்துக் குருவியின் மூக்குக்கு நேராக வைத்தாள். "ஐயையோ, என்னம்மா பண்றீங்க, மருந்தும்மா அது!" என்று டெய்லர் எழுந்து ஓடி வந்தார். "சும்மா இருங்கண்ணே!" என்று ஒரு அதட்டு அதட்டினாள். அவர் நின்றுவிட்டார்.

குருவி கொஞ்ச நேரம் அசையவே இல்லை. குடி, குடித்துத் தொலை சனியனே என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது நகர்ந்தது. அலகைத் தண்ணீரில் வைத்தது. வைத்த அலகை எடுக்கவில்லை, தலையைத் தூக்கவில்லை, உறிஞ்சியது, உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நிறுத்தி அவர்களைப் பார்த்தது. மறுபடி குனிந்து உறிஞ்சியது. டெய்லர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தண்ணிதானா?" என்றார். "அதுக்குத் தண்ணிதான் இல்லையா?"

"ஆமாண்ணே. மருந்து நாத்தத்துக்குக் குடிக்காம இருந்திருக்கு."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

பொய் சொல்ல நூறு வழி இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டேன் என்றால் அவர் நம்பியிருப்பார். அந்தக் குருவி குடித்த குடியைப் பார்த்த பிறகு அவளுக்கு வாய் வரவில்லை. கிண்ணம் மாற்றுகிறதையும், பாட்டிலையும், கீரையையும், நோட்டில் ஏறிய கணக்கு அத்தனையும் தான் ஊற்றிய கணக்குதான் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

டெய்லர் கட்டிலில் உட்கார்ந்தார். "எத்தன வருஷமா?"

"நாலு."

"ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வந்தப்ப டீ குடுத்தீங்க."

"ஆமா."

"அப்பவும் தெரியும்."

"தெரியும்ணே."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளும் ரெண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். பிரிந்த சட்டையை எடுத்து, மெஷினில் வைத்து, கையைச் சேர்த்துத் தைத்து, நூலைக் கடித்து அவளிடம் நீட்டினார். "சார்கிட்ட நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லம்மா. அவரு தன் வீட்டுப் பறவைக்குக் குடுக்கறதத்தான் எனக்கும் குடுத்தாரு. ஆனா நல்ல தண்ணி குடிச்சது உங்க வீட்டுப் பறவை மட்டும்தான். நீங்க போயிட்டு வாங்க."

சட்டையைச் சுருட்டிக்கொண்டு படி இறங்கினாள். நான் என்ன விஷமா வைத்தேன், சொன்னவர் அவர், கேட்டவர் இவர், நடுவில் நான் எங்கே வந்தேன் என்று இரண்டாம் மாடிவரை தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். முதல் மாடியில் வாதம் தீர்ந்து போனது. அளவு தப்பியிருப்பீங்க என்றதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்த மனுஷர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். நோட்டு பொய் என்று தெரியாமல் நம்பியவர்கள். அந்தப் பொய்யை நாலு வருஷம் அளந்து அளந்து ஊற்றினது யார்?

சாயந்தரம் அவர் வரும்போது கிண்ணங்களில் நல்ல தண்ணீரே இருந்தது. கம்பியில் கீரை தொங்கியது. அவர் கக்கத்தில் புதிதாக நகல் எடுத்த அட்டவணைக் கட்டு.

"இது என்ன? யாரு இப்படி வச்சது?" என்றார்.

"நான்தான். நாலு வருஷமா." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டெய்லர் வீட்டுக் குருவி செத்ததையும் சொன்னாள். சொல்லி முடித்தால் அவர் குதிப்பார், உனக்கென்ன தெரியும் என்பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று உள்ளுக்குள் தயாராகத்தான் இருந்தாள்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு நோட்டை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். பால்கனிக்குப் போய், மூன்றாம் கூண்டில் கீரையைக் கொத்திக்கொண்டிருந்த பறவையை ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கோட்டு இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"இருபது மில்லின்னு சொல்லுவேனே. அப்பல்லாம் நீ அடுப்படியில நின்னு சிரிச்சியா?"

அவள் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மடிக்கப் போனாள்.

"சிரிச்சியான்னு கேக்கறேன்."

"சிரிச்சேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயரும் நம்பரும் எழுதின தாளை எடுத்து மேஜையில் விரித்தார். ஃபோனை எடுத்தார். "சார், நான்தான்... கண்ணாடிக் கடை. அந்த அட்டவணையக் கிழிச்சுப் போட்டுடுங்க. தப்பு. முழுக்கத் தப்பு. மொதல்ல கிண்ணத்தக் கழுவி வெறும் தண்ணி வையுங்க. இப்பவே வையுங்க, நான் லைன்ல இருக்கேன்... ஆமா சார், நான் போட்டதுதான். என் தப்புதான்."

அடுத்த நம்பர். அதற்கடுத்தது. ஒவ்வொரு தடவையும் தன் பெயர் இப்போது வரும், இப்போது வரும் என்று அவள் சுவரோரம் நின்று காத்திருந்தாள். என் பொண்டாட்டி செய்த வேலை சார் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், பழையபடி அவரைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு உள்ளே போயிருப்பாள். வரவில்லை. ஏழாவது ஆள் வீட்டில் மூன்று பறவை செத்திருந்தது. அந்த ஆள் கத்திய கத்தல் அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் வேஷம் போடுற நாயே என்றார். இவர் எழுந்து நின்றுகொண்டார். "ஆமா சார்" என்றார். "ஆமா சார். நீங்க சொல்றது சரி சார்." அந்தப் பக்கம் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார். அப்புறம் தாளில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி, அடுத்த நம்பரைப் பார்த்தார்.

அந்த மனுஷனை மட்டமாக நினைக்க ஏதாவது கிடைக்குமா என்று அவள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் பதினாறு பெயர் இருந்தது.